அப்பாவின் வலது கை

டூங்காபி, சிட்னி
6 ஆகஸ்ட் 2024

திரு. கிருபானந்தன் அவர்களுக்கு,

நான் பார்கவி. மெல்போர்ன் வெரிபீயில் நீங்கள் எண்ணெய் தேய்த்துவிடும் சடகோபனின் மகள், விவேக்கின் அக்கா. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியது நான்தான். என் வேகம் உங்களுக்கும், உங்கள் யாழ்ப்பாணத்துத் தமிழ் எனக்கும் பாதிக்கு மேல் எட்டவில்லை. கடைசியில் “கேக்கிறதை எழுதிக் கேளுங்கோ, நான் எழுதித் தாறன்” என்று வைத்துவிட்டீர்கள். எனக்கும் அது வசதி. மருந்துப் பரிசோதனைகளுக்காக மருத்துவமனைகள் அனுப்பும் பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. எழுதப்படாத எதையும் நடந்ததாக நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

மார்ச் மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. கால் ஓரளவு திரும்பிவிட்டது. கை திரும்பவில்லை. மே மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை நீங்கள் வருகிறீர்கள் என்பது எனக்கு ஜூலையில்தான் தெரியும். விவேக் உங்களை வைத்தியர் என்கிறான். எங்கே படித்தீர்கள்? என்ன எண்ணெய், அதில் என்ன கலக்கிறீர்கள்? கழுத்தைத் தொடுகிறீர்களா? வர்மப் புள்ளிகளை அழுத்துவதுண்டா? ரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும், லேசாக அழுத்தினாலே அவருக்குக் கன்றிப்போகும் என்பதும் உங்களுக்குத் தெரியுமா? டண்டினொங்கில் வேலை செய்பவர் எதற்காக இரண்டு மணி நேரம் ரயிலில் வெரிபீக்கு வருகிறார்?

கடைசியாக ஒன்று. போன ஞாயிறு வீடியோவில் அப்பாவின் இடது முன்கையைப் பார்த்தேன். சின்னச் சின்ன நீலத் தழும்புகள், இரண்டிரண்டாக. அது எப்படி வந்தது?

வலது கை ஒரு கம்பியைப் பிடிக்கும் அளவுக்கு வந்ததும் அப்பாவை இங்கே அழைத்துவருவதாக நானும் விவேக்கும் பேசி வைத்திருக்கிறோம். என் வீட்டில் பதினான்கு படிகள். ஒரு பக்கம் ஜன்னல் என்பதால் மறுபக்கம்தான் கம்பி. ஏற இடது கை போதும், இறங்க வலது கை வேண்டும். ஆகவே அந்தக் கையில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்பது வீண் குறுக்கீடு அல்ல.

பதிலில் தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும்.

பார்கவி


டண்டினொங்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பார்கவி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். என்னோடு அறையில் இருக்கும் சிறிதரனும் வாசித்தான். “உதிலை கையெழுத்து வைச்சுக் குடாதை. நாளைக்கு எந்த விசாக் கந்தோரிலை போய் நிக்குமோ தெரியாது” என்றான். பதினொரு வருடமாக விசாவுக்குக் காத்திருப்பவர்கள் நாங்கள். பேப்பரைக் கண்டால் எங்களுக்குக் காய்ச்சல் வரும். நீங்கள் ஏன் கையெழுத்துக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் எழுதியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஆனாலும் வைக்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

நான் வைத்தியர் இல்லை. விவேக் அண்ணைக்கு அப்படிச் சொல்ல விருப்பம். வன்னியில் கை கால் இழந்தவர்களுக்கான நிலையம் ஒன்றில் நாலு வருடம் உதவியாளராக நின்றேன். நான் யாழ்ப்பாணமும் இல்லை, முல்லைத்தீவு. எண்ணெய் வெறும் நல்லெண்ணெய், இளஞ்சூடு. மூலிகை போட்டால் வீடு மணக்கும் என்று விவேக் அண்ணையின் மனைவி ஹரிப்பிரியா அக்கா வேண்டாம் என்றா. வர்மம் எனக்குத் தெரியாது. கழுத்தைத் தொடுவதில்லை. வீட்டுக்கு வரும் பிசியோ வினுஷா, முதல் கிழமையே “ஷோல்டரை இழுக்காதேங்கோ” என்றா. அன்று தொடக்கம் தோளையும் இழுப்பதில்லை. மாத்திரையைப் பற்றியும் அவதான் சொன்னவ. ஆகவே நான் தேய்ப்பது, குழந்தைப்பிள்ளைக்குத் தேய்ப்பது போலத்தான்.

ஏன் வாறன் என்று கேட்டிருக்கிறீர்கள். கிழமையில் ஐந்து நாள் பெட்டி தூக்குகிறேன். எனக்குத் தெரிந்த வேலை செய்ய அந்த வீடு ஒன்றுதான் இருக்கிறது. காசு வாங்குவதில்லை, மத்தியானம் சாப்பிடுவேன்.

ஐயாவின் கை நல்லாய் வருகுது. பெருவிரல் மடங்குது.

இடது கையை நான் தொடுவதே இல்லை. அந்தக் காயத்தைப் பற்றி ஐயாவிடமே கேளுங்கள்.

சி. கிருபானந்தன்


டூங்காபி
25 ஆகஸ்ட் 2024

திரு. கிருபானந்தன்,

உங்கள் கடிதம் ஒரு இடம் வரை எனக்குத் திருப்தியாக இருந்தது. “பெருவிரல் மடங்குது” என்ற இடம் வரை.

வினுஷாவின் அறிக்கைகளை வரவழைத்துப் பார்த்தேன். பிடியின் வலுவை அளக்க அவரிடம் கருவி இருக்கிறது. மே, ஜூலை, ஆகஸ்ட் மூன்று முறையும் வலது கை பூஜ்ஜியம். பெருவிரலில் அசைவில்லை என்று தனியாகவே எழுதியிருக்கிறார். நீங்கள் மடங்குகிறது என்கிறீர்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. கருவிக்குப் பொய் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் சொன்னபடி அப்பாவிடமே கேட்டேன். “கிருபா தேய்க்கறச்ச பட்டிருக்கும்மா, விடு” என்றார். இடது கையைத் தொடுவதே இல்லை என்று கையெழுத்துப் போட்டு எழுதியவர் நீங்கள்.

உங்களுக்குக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. நம்முடைய கைதான் குணமாக்குகிறது என்று நம்ப ஆசைப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படித்த மருத்துவர்களிலும் உண்டு. அவர்களுக்கு நோயாளியின் விரல் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும்.

அடுத்த பரிசோதனை அக்டோபர் 24. அதுவரை நீங்கள் வர வேண்டாம் என்று விவேக்கிடம் சொல்லிவிட்டேன். அவனுக்கு வருத்தம்தான். இன்னொன்று, என்னை அக்கா என்று எழுத வேண்டாம். நாம் இன்னும் அறிமுகமாகவில்லை.

பார்கவி


டண்டினொங்
3 செப்டம்பர் 2024

திருமதி பார்கவி அவர்களுக்கு,

விவேக் அண்ணை எனக்கு மெசேஜ் போட மறந்துபோனார். ஞாயிறு வழமை போல் போனேன். வாசலில் நின்று, “அக்கா சொல்லிட்டாங்க கிருபா, கோச்சுக்காதீங்க” என்றார். ஹரிப்பிரியா அக்கா தேத்தண்ணியை வெளியே கொண்டுவந்து தந்தா. உள்ளே ஐயா கதிரையில் இருந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டவர். திரும்பவில்லை.

ஐயா அப்படிச் சொன்னார் என்றால் அப்படியே இருக்கட்டும். அவரோடு நான் வாதாட ஏலாது.

ஆனால் நீங்கள் கணக்குப் பார்த்துப் படித்தவர். அதனால் ஒன்று கேட்கிறேன். ஐந்து மாதம் அசையாத கை எப்படி இருக்கும்? நான் நிறையக் கண்டிருக்கிறேன். விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுபோகும். தோல் மெலியும். நகம் வெட்ட விரலை விரிக்கவே இரண்டு பேர் வேண்டும். ஐயாவின் கை அப்படியா இருக்கிறது? என்னை நம்ப வேண்டாம். வினுஷாவிடம் கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். அக்டோபரிலும் பூஜ்ஜியம் என்றால் என்ன செய்வார்கள் என்று. எனக்கு அதுதான் பயம். நான் வராமல் விட்டாலும் கை பிழைக்கும். அவ வராமல் விட்டால் அந்தக் கை இதோடு நின்றுபோகும்.

சி. கிருபானந்தன்


டூங்காபி
15 செப்டம்பர் 2024

திரு. கிருபானந்தன்,

வினுஷாவிடம் பேசினேன். “அன்ரி, ஹிஸ் ஹாண்ட் இஸ் ஆக்சுவலி ரியலி குட். விரல் எல்லாம் லூசா இருக்கு. பட் நான் ஸ்க்வீஸ் பண்ணச் சொன்னா ஹி ஜஸ்ட் டஸின்ட்” என்றாள். முன்னேற்றம் நின்றுவிட்ட நோயாளிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். அக்டோபரிலும் பூஜ்ஜியம் என்றால் அவள் வருவது நின்றுவிடும். மறுபடி சேர்வது சுலபமில்லை.

இந்த இடத்தில் உங்கள் கடிதம் சரியாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அந்த எண்களை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடது கை: இருபத்து நான்கு, இருபத்தேழு, இருபத்தைந்து. மனிதர்களின் எண்கள் அப்படித்தான் ஏறி இறங்கும். வலது கை: பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். உண்மையிலேயே முயன்று முடியாமல் போகிறவர்கள்கூட ஏதாவது ஒரு நாள் முள்ளைக் கொஞ்சம் ஆட்டிவிடுவார்கள். இவ்வளவு சுத்தமான எண்கள் ஒரு மருத்துவமனையிலிருந்து வந்திருந்தால் அங்கே ஆள் அனுப்பியிருப்பேன்.

ஆக, அப்பா நடிக்கிறார். ஏன் என்பதுதான் தெரியவில்லை. எனக்கு ஒரே ஒரு விடைதான் தோன்றுகிறது. அதை மறைக்காமல் கேட்கிறேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா? கை சரியாகிவிட்டால் உங்களுக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. எனக்குத் தெரிந்த வேலை செய்ய அந்த வீடு ஒன்றுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தவறாக இருந்தால் மறுத்து எழுதுங்கள். சரியாக இருந்தால் எழுத வேண்டாம். புரிந்துகொள்வேன்.

பார்கவி


டண்டினொங்
22 செப்டம்பர் 2024

திருமதி பார்கவி அவர்களுக்கு,

மறுத்து எழுதுகிறேன். ஆனால் முழுவதையும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மூன்று நாள் யோசித்தேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஐயாவின் பெருவிரல் மடங்கி என் விரலைப் பிடித்தது. “ஐயா, பிடிச்சுப்போட்டியள்” என்றேன்.

“சத்தம் போடாதப்பா” என்றார்.

“ஏன் ஐயா? விவேக் அண்ணையைக் கூப்பிடுறன்.”

“கூப்பிட்டா உடனே அக்காவுக்குப் போன் போடுவான். அவ டிக்கெட் எடுத்துடுவா.”

மகளிடம் போக விருப்பமில்லையா என்று கேட்டேன். மூன்று வருடத்துக்கு முதல் சிட்னியில் உங்களோடு ஐந்து மாதம் இருந்ததைச் சொன்னார். சமையலறைச் சுவரில் அவருடைய சீனி அளவுக்கு ஒரு அட்டை, நடந்த தூரத்துக்கு ஒரு அட்டை. ஒரு நாள் ஒரு மைசூர்பாகு தின்றுவிட்டு, அதை எந்த அட்டையில் எழுதுவது என்று தெரியாமல் உறையைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்தாராம். அதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பார்கவி நல்ல பொண்ணு. அவ வீட்டுல எல்லாம் சரியா இருக்கும்ப்பா. நான் ஒருத்தன்தான் தப்பா இருப்பேன்.”

ஆனால் கை வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறைய இருந்தது. வேலை நாட்களில் காலையில் விவேக் அண்ணையும் ஹரிப்பிரியா அக்காவும் ரயிலுக்குப் போனால் பின்னேரம் ஆறு மணி வரை ஐயா தனிய. உடுப்புக் கொடியில் கிடக்கும் கிளிப்புகளை வலது கையால் எடுத்து இடது கையில் ஒவ்வொன்றாகக் கொளுவிப் பழகுகிறார். நீங்கள் கண்ட இரண்டிரண்டு தழும்பு அதுதான். என்னில் பழி போட்டதில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

என்னுடைய எண்ணெயால் கை வந்தது என்று நான் எங்கும் சொல்லவில்லை. தேய்த்தால் விரல் இறுகாது. நோ குறையும். அவ்வளவுதான். இனி வர வேண்டியது விரல் நுனி வேலை, படி இறங்கும் வேலை. அது என்னால் ஏலாது. அதை வினுஷாதான் செய்ய வேண்டும். அதனால்தான் வாக்கை உடைத்தேன்.

நான் சொன்னதாக ஐயாவுக்குத் தெரிய வேண்டாம்.

சி. கிருபானந்தன்


டூங்காபி
7 அக்டோபர் 2024

திரு. கிருபானந்தன் அவர்களுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம், உங்கள் கடிதத்தை நான் நம்பாததுதான். மைசூர்பாகு உறையை நம்பினேன். சலவைக்குப் போட்ட சட்டையிலிருந்து அதை எடுத்தது நான்தான். அன்று அவரிடம் என்ன கேட்டேன் என்பதும் நினைவிருக்கிறது. எத்தனை துண்டு என்று கேட்டேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டியதாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் மெல்போர்னுக்கு விமானம் ஏறினேன். வெரிபீ வீட்டை அடையும்போது பகல் பதினொன்று. பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். வலது கையால். ஹரிப்பிரியாவின் துப்பட்டா, விவேக்கின் சட்டை, தன்னுடைய வேட்டி. ஒரு கிளிப் கீழே விழுந்தது. அதைத் திட்டினார். காலால் சுவரோரம் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார். வாயில் ஏதோ முணுமுணுப்பு. அவ்வளவு நிம்மதியாக அவரை நான் என் வீட்டில் பார்த்ததில்லை.

வந்த வழியே திரும்பி, முன்வாசலுக்குப் போய் மணி அடித்தேன். வெகுநேரம் கழித்து இடது கையால் கதவைத் திறந்தார். வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, யாரோ மறந்து விட்டுப்போன பையைப் போல. என்னைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். அதற்கு முன்னால் ஒரு கணம் என் பெட்டியைப் பார்த்தார்.

உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. பார்த்ததையும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: “அப்பா, படியில கம்பி வைக்க கவுன்சில்ல அனுமதி கிடைக்கலை. இப்போதைக்கு சிட்னி வேண்டாம். இங்கயே இருங்கோ.”

“அடடா. உனக்குத்தான் கஷ்டம்” என்றார். இன்னொரு காபி கிடைக்குமா என்று கேட்டார்.

கம்பி ஜூன் மாதமே வைத்தாயிற்று.

இனி அக்டோபர் 24 அன்று அந்தக் கருவியை அவர் அழுத்துவதற்குத் தடை எதுவும் இருக்கக் கூடாது. அழுத்துவாரா என்பது தெரியாது. நீங்கள் மறுபடி வரலாம் என்று விவேக்கிடம் சொல்லிவிட்டேன். செப்டம்பர் 15 கடிதத்தில் உங்களைப் பற்றி எழுதிய பத்தி தவறு. அதை நான் எழுதியிருக்கக் கூடாது.

பார்கவி


டண்டினொங்
25 அக்டோபர் 2024

திருமதி பார்கவி அவர்களுக்கு,

நேற்று ஷிப்ட் மாற்றிக்கொண்டு வெரிபீக்குப் போனேன். ஆனால் அதற்கு முதல் 13ஆம் திகதி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அன்று எண்ணெயைத் தொட்டதும் ஐயா கேட்டார். “வீட்டுக்குள்ள ஒரு கம்பி வெக்கறதுக்கு எவன்ப்பா அனுமதி கேக்கறான்?”

நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“அவளுக்குப் பொய் சொல்ல வரலை. சொல்லும்போது டம்ளரையே பார்த்துண்டிருந்தா. நீ சொன்னியா?”

எனக்கும் பொய் வரவில்லை. “ஓம் ஐயா, நான்தான் சொன்னனான்” என்றேன். ஐயா கையை இழுத்துக்கொண்டார். இந்த ஐந்து மாதத்தில் அந்தக் கை அவ்வளவு விரைவாய்ப் போனதை நான் கண்டதில்லை.

பிறகு தந்தார். சவரம் செய்பவரிடம் முகத்தைக் கொடுப்பது போலத்தான் இப்போது தருகிறார். பழைய கதை பகிடி ஒன்றும் இல்லை. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

நேற்று வினுஷா கருவியைக் கையில் வைத்து, “ஓகே அங்கிள், ஸ்க்வீஸ்” என்றா. ஐயா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் குசினிக்குள் போய்விட்டேன். என்னைப் பார்த்தால் செய்ய மாட்டார் என்று பயம். பிறகு அவவின் சத்தம் கேட்டது. “அங்கிள், இதை எங்க ஹைட் பண்ணி வைச்சிருந்தீங்க?” ஏழு கிலோ. “இன்னிக்குத்தான் வந்தது” என்றார் ஐயா.

இன்னும் மூன்று மாதம் அவ வருவா. அடுத்த கிழமை படிப் பயிற்சி தொடங்கும்.

ஹரிப்பிரியா அக்கா சந்தோசத்தில் கேசரி கிண்டினவ. ஐயா இரண்டு தரம் வாங்கித் தின்றார். நான் எழுதி வைக்கவில்லை.

சி. கிருபானந்தன்


டூங்காபி
10 நவம்பர் 2024

அன்புள்ள கிருபானந்தன்,

ஏழு என்ற அந்த எண்ணைப் பல முறை பார்த்துவிட்டேன். நல்ல எண். என் அப்பாவின் கை திரும்பிவிட்டது என்கிறது. சிட்னிக்குப் போக வேண்டியதில்லை என்று தெரிந்த பிறகே அது வந்தது என்றும் சொல்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியவில்லை. ஏழுதானா, இன்னும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறாரா என்ற சந்தேகமும் இருக்கிறது. வினுஷாவிடம் அதைக் கேட்கவில்லை.

நேற்று அவரைக் கூப்பிட்டு, கம்பி விஷயம் பொய் என்று சொல்லிவிட்டேன். “தெரியும்” என்றார். பொங்கலுக்காவது வந்து பத்து நாள் இருங்கள் என்றேன். கீழ் அறையைக் காலி செய்து தருகிறேன், படி ஏற வேண்டாம், சுவரில் எதுவும் ஒட்டமாட்டேன் என்றேன்.

“திரும்பற டிக்கெட்டையும் சேர்த்து எடு” என்றார்.

எடுத்துவிட்டேன். ஜனவரி 11 வருகிறார். 18 திரும்புகிறார். நான் கேட்டது பத்து நாள். தேதியைச் சொன்னது அவர்.

வைக்கப்போகும்போது கேட்டார், “ஏழு நாள் கிருபா இல்லைன்னா கை இறுகிடுமே?” உங்களோடு முன்போலப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் உங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்.

“நான் தேய்ச்சு விடறேன்” என்றேன்.

“உனக்கு வராது.”

“வர்றதா இல்லையான்னு பார்க்கலாமே அப்பா.”

அந்தப் பக்கம் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

“ரொம்ப அழுத்தாம இருந்தா சரி” என்றார்.

பார்கவி